நோர்ஷோப்பிங் – ஸ்வீடனோட பழைய மில்லு ஊர், என்ன பாக்கலாம், எத விட்றலாம்

ஸ்வீடன் சுத்திப் பாக்க வர்ற நம்மாளுங்க லிஸ்ட்ல ஸ்டாக்ஹோம் இருக்கும், கோத்தன்பர்க் இருக்கும், குளிர் தாங்குறவங்களா இருந்தா வானத்துல பச்சை வெளிச்சம் பாக்க வடக்க கிருனா இருக்கும், நோர்ஷோப்பிங் மட்டும் இருக்கவே இருக்காது. ஸ்டாக்ஹோம்ல இருந்து ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம், நான் இருக்கற லின்ஷோப்பிங்ல இருந்து அரை மணி நேரம் கூட இல்ல. வர்றவங்களும் புள்ளைங்களுக்காக கோல்மோர்டன் ஜூவுக்குப் போறவங்கதான், ஸ்டேஷன்ல இறங்குவாங்க, பஸ் புடிப்பாங்க, போயிட்டே இருப்பாங்க. அந்த ஸ்டேஷன்ல இருந்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா என்ன இருக்குன்னு யாரும் சொல்லாததுதான் காரணம்னு நினைக்கிறேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்லயே என் தீர்ப்ப சொல்லிடறேன். இந்த ஊர்ல பாக்க வேண்டிய முக்கியமான விஷயத்துக்கு டிக்கெட்டே கிடையாது. ஊருக்கு நட்டநடுவுல மோட்டாலா ஸ்ட்ரோம்னு ஒரு ஆறு ஓடுது, அதோட ரெண்டு கரையிலயும், நடுவுல இருக்கற தீவுலயும் பழைய பஞ்சு மில்லு, கம்பளி மில்லு, பேப்பர் மில்லு எல்லாம் அப்படியே நிக்குது, ஒரு மூலையில ஒண்ணு ரெண்டுன்னு இல்ல, வரிசையா, ஒண்ண ஒட்டி ஒண்ணு, சுவர் தண்ணிக்குள்ளயே இறங்கி நிக்கற மாதிரி. ஊர்க்காரங்க இத இண்டஸ்ட்ரிலாண்ட்ஸ்காபெட்னு, அதாவது தொழிற்சாலை நிலப்பரப்புன்னு சொல்றாங்க. ஐரோப்பாவுல அரண்மனையும் சர்ச்சும் எங்க போனாலும் பாக்கலாம், உழைச்சவங்க வேலை செஞ்ச இடத்த இவ்ளோ மரியாதையா, இவ்ளோ அழகா வெச்சிருக்கற ஊர் ரொம்ப கம்மி.

கொஞ்சம் கதை தெரிஞ்சுக்கிட்டு போனா நடக்கும்போது கண்ணுக்கு நிறைய படும். இந்த ஆறு வேட்டர்ன் ஏரியில இருந்து வருது, கடல்ல கலக்கறதுக்கு முன்னாடி இந்த ஊருக்குள்ள சடசடன்னு படி படியா இறங்குது, அந்த வேகம்தான் ஊரோட மூலதனமே. தண்ணி வேகமா இறங்கற இடத்துல சக்கரம் வெச்சா மாவும் அரைக்கலாம், இரும்பும் அடிக்கலாம், துணியும் நெய்யலாம் இல்லையா. ஹோல்மென்னு இன்னிக்கு பெரிய பேப்பர் கம்பெனி ஒண்ணு இருக்கே, அது தன்னோட கதைய 1609ல இங்க ஆரம்பிச்ச ஆயுதப் பட்டறையில இருந்துதான் எண்ணுது. அப்புறம் லூயி டி யேர்னு ஒருத்தர், பெல்ஜியம் பக்கம் லியேஜ்ல பொறந்து ஹாலந்துல வியாபாரம் பண்ணி இங்க வந்தவர், பீரங்கி, பித்தளை, துணின்னு வரிசையா தொழில் ஆரம்பிக்கறார், முப்பதாண்டுப் போர் நடந்த காலம் அது, ஆயுதம் செஞ்சவங்களுக்கு பணம் கொட்டுச்சு. ஒரு கட்டத்துல ஸ்டாக்ஹோமுக்கு அடுத்து ஸ்வீடன்லயே ரெண்டாவது பெரிய ஊர் இதுதான். 1719ல ரஷ்யப் படை வந்து ஊரையே எரிச்சுட்டுப் போச்சு, மறுபடி கட்டினாங்க. 1800கள்ல நெசவு மில்லுங்க பெருகி ஸ்வீடனோட மான்செஸ்டர்னு பேரே வந்துடுச்சு.

அப்புறம் என்ன, எல்லா மில்லு ஊருக்கும் வந்த கதிதான். ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வெளிநாட்டுத் துணி மலிவா வர ஆரம்பிச்சுது, ஒவ்வொண்ணா மூடினாங்க, கடைசி பெரிய கம்பளி மில்லு 1970ல போச்சு, ஊருக்கு நடுவுல ஓடிட்டிருந்த பேப்பர் மில்லு 1986ல நின்னுச்சு. ஆயிரக்கணக்குல வேலை போன ஊரை அரசாங்கம் கைவிடாம ஸ்டாக்ஹோம்ல இருந்த சில அலுவலகங்கள இங்க மாத்திச்சு, நாம தினமும் மழை வருமான்னு ஆப்ல பாக்கறோமே எஸ்.எம்.எச்.ஐ, அந்த வானிலை ஆபீஸ் 1975ல இங்க வந்தது அப்படித்தான். காலியா கெடந்த மில்லுங்கள இடிச்சுத் தள்ளிடலாம்ங்கற பேச்சும் இருந்துருக்கு, நல்லவேளை இடிக்கல. இப்போ அதே கட்டடங்கள்ல லின்ஷோப்பிங் யூனிவர்சிட்டியோட கேம்பஸ், மியூசியம், கச்சேரி அரங்கம், ஆபீஸ், சாப்பாட்டுக்கடை எல்லாம் நடக்குது. பேக் மாட்டிக்கிட்டு பசங்க கிளாசுக்கு ஓடற வாசல்ல ஒரு காலத்துல ஷிஃப்டுக்கு பொம்பளைங்க ஓடிருப்பாங்க.

எங்க இருந்து நடக்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, ஸ்டேஷன்ல இருந்து ட்ரோட்னிங்காத்தான்ங்கற மெயின் ரோட்ட புடிச்சு நேரா வாங்க, ஆத்துப் பாலம் தாண்டினதும் வலது கை பக்கம் காம்லா தோரியெட்னு பழைய சந்தை சதுக்கம் வரும், அதுல லூயி டி யேர் சிலை நிக்கும், கார்ல் மில்லெஸ் செஞ்சது, 1945. சிலைய பாருங்க, வேலைப்பாடு அருமை, ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், இதே டி யேர் தான் 1649ல ஸ்வீடிஷ் ஆப்பிரிக்கக் கம்பெனி ஆரம்பிக்க முன்னாடி நின்னவர், இன்னிக்கு கானா இருக்கற கடற்கரையில தங்கமும் தந்தமும் மட்டும் இல்ல, மனுஷங்களையும் வித்த கம்பெனி அது. இந்தத் தகவலோட சிலைய பாக்கறதுக்கும் தகவல் இல்லாம பாக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, அதனால சொல்றேன்.

சதுக்கத்துல இருந்து கொஞ்ச தூரத்துல ஹோல்மென் கோபுரம், 1750ல கட்டின வாசல், மில்லுக்கு உள்ள போறதுக்கான கேட். அதுக்குக் கீழ நுழைஞ்சு போறப்போதான் வேற உலகத்துக்குள்ள போற மாதிரி இருக்கும், கார் சத்தம் அப்படியே நின்னு தண்ணி சத்தம் மட்டும் கேக்கும். தரையெல்லாம் கருங்கல் பாவினது, அதனால ஹீல்ஸ் வேண்டாம், சக்கர சூட்கேஸ் இழுத்துட்டும் வராதீங்க. மஞ்சள் பூச்சு பூசின சுவர், செங்கல் சுவர், சின்னச் சின்ன கண்ணாடியா பிரிச்ச பெரிய ஜன்னல், கட்டடத்துல இருந்து கட்டடத்துக்கு தலைக்கு மேல போற பாலம், உயரமான புகைபோக்கி, நடுநடுவுல மரத்தால போட்ட நடைபாலம். பாலத்து நடுவுல நின்னு குனிஞ்சு பாத்தா சுவர் அடியில தண்ணி உள்ள போற வளைவு தெரியும், அந்தக் காலத்துல சக்கரத்துக்கு தண்ணி போன வழி. பாசி புடிச்ச கல்லுக்கு நடுவுல தண்ணி நுரைச்சுக்கிட்டு ஓடுது, அதுவும் ஏப்ரல் மே மாசம் பனி உருகி தண்ணி நிறைய வந்தா பேசறது காதுல விழாது.

பெரிஸ்ப்ரோன் பாலத்துக்கு கண்டிப்பா போங்க. அங்க இருந்து பாத்தா தடுப்பணையும் அருவியும் பின்னாடி மில்லு வரிசையும் ஒரே ஃப்ரேம்ல கிடைக்கும், ஊரப் பத்தின போஸ்ட்கார்டுல வர்ற படமெல்லாம் அந்தப் பக்கம் எடுத்ததுதான். தண்ணி அளவு நாளுக்கு நாள் மாறும், கரண்ட் எடுக்கறதுக்கு தண்ணிய திருப்பிட்டா அருவி மெலிஞ்சு போயிடும். இருட்டினதுக்கு அப்புறம் விளக்கு போட்டு தண்ணியவும் சுவரையும் காட்டறது இன்னும் அழகு. டிசம்பர்ல மூணு மணிக்கே இருட்டிடும், குளிர்காலத்துல வர்றவங்களுக்கு அது ஒரு வகையில லாபம்தான், ஆறு மணி ரயிலுக்குத் திரும்பறதுக்குள்ள விளக்கு வெளிச்சத்தையும் பாத்துடலாம்.

இப்போ உள்ள போய்ப் பாக்க வேண்டிய இடங்கள். முதல் இடம் எந்த சந்தேகமும் இல்லாம அர்பேட்டெட்ஸ் மியூசியம், அதாவது உழைப்புக்குன்னே வெச்ச மியூசியம். ஆத்து நடுவுல லாக்ஸ்ஹோல்மென்னு சின்னத் தீவு, தீவு என்ன வடிவமோ அந்த வடிவத்துக்கே சுவர் எழுப்பி 1917ல கட்டின நெசவு மில்லு, ஏழு மூலை, ஒரு பக்கம் கூரா முடியும், அதனால ஊரே அத இஸ்திரிப்பெட்டின்னுதான் கூப்பிடுது. ஃபோல்கே பென்சோவ்னு ஒரு ஆர்க்கிடெக்ட் வரைஞ்சது. மேல சொன்ன சிற்பி மில்லெஸ் இத ஐரோப்பாவுலயே அழகான தொழிற்சாலைன்னு சொன்னதா ஊர்ல எல்லாரும் பெருமையா சொல்வாங்க, கூர் முனைக்கு நேர் எதிர்ல நின்னு பாத்தீங்கன்னா நீங்களும் மறுக்க மாட்டீங்க. 1962 வரைக்கும் இதுல நெசவு நடந்துச்சு, 1991ல மியூசியமா திறந்தாங்க. அனுமதி இலவசம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, நேரா உள்ள போகலாம்.

இதுல எனக்குப் புடிச்ச விஷயம், அரிய பொருள கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுக் காட்டறதுக்காக ஆரம்பிச்ச மியூசியம் இல்ல இது. தொழிற்சங்கங்களும் தொழிலாளர் கல்வி அமைப்பும் கூட்டுறவு அமைப்பும் சேந்து அறக்கட்டளை வெச்சு நடத்தறாங்க, வேலை செஞ்சவங்களோட நினைவுகள சேக்கறதுதான் வேலைன்னு வெச்சிருக்காங்க. அதனால கண்காட்சிங்க மாறிக்கிட்டே இருக்கும், ஒரு தடவை போட்டோக்களா இருக்கும், ஒரு தடவை இன்னிக்கு டெலிவரி வேலை பாக்கறவங்களப் பத்தி இருக்கும், நீங்க போறப்போ என்ன இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. மாறாம இருக்கறது அல்வாவோட கதை. அல்வாங்கறது இந்த மில்லுல நூல் சுத்தற வேலை பாத்த ஒரு பொண்ணு, 1927ல சேந்து மில்லு மூடுற 1962 வரைக்கும் 35 வருஷம் இதே கட்டடத்துல நின்னுருக்காங்க. அவங்க வாழ்க்கைய வெச்சே அந்தக் காலத்த சொல்றாங்க, வீடு எப்படி, சம்பளம் எப்படி, சத்தம் எப்படி, கல்யாணம் புள்ளை குட்டியோட வேலைக்கு வந்தது எப்படின்னு. மில்லு முதலாளிங்க பேரு ரோட்டுக்கும் அரங்கத்துக்கும் இருக்கற ஊர்ல ஒரு நூல் சுத்தற அம்மாவுக்கு ஒரு நிரந்தரக் கண்காட்சி வெச்சிருக்காங்க பாருங்க, அதுக்காகவே இந்த மியூசியத்துக்கு என் ஓட்டு.

அதே கட்டடத்துல ஈ.டபிள்யூ.கே மியூசியம்னு ஒண்ணு இருக்கு, எவெர்ட் கார்ல்சன்னு ஸ்வீடனோட புகழ்பெற்ற அரசியல் கார்ட்டூனிஸ்டோட படங்கள். கார்ட்டூன் ரசிக்கறவங்க நேரம் ஒதுக்குங்க, மத்தவங்க ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். மாடியில சாப்பாட்டுக்கடை இருக்கு, ஜன்னல் ஓரம் இடம் கிடைச்சா கீழ தண்ணி ஓடறது தெரியும், மத்தியானம் கூட்டம் அள்ளும், கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. லிஃப்ட் இருக்கு, வயசானவங்களக் கூட்டிட்டுப் போக பயப்பட வேண்டாம்.

ரெண்டாவது ஸ்டாட்ஸ்மியூசியம், ஊரோட மியூசியம், இஸ்திரிப்பெட்டில இருந்து நடக்கற தூரம்தான். இதுவும் இலவசம், இதுவும் பழைய தொழிற்கூடங்கள ஒண்ணோட ஒண்ணு இணைச்சு வெச்சது, அதனால உள்ள கொஞ்சம் குழப்பமா இருக்கும், ஏறுவோம் இறங்குவோம், ஒரு கதவு வழியா போனா வேற கட்டடத்துக்குள்ள இருப்போம். பழைய கைத்தொழில் பட்டறைங்க ஒரு பக்கம், துணி மெஷினுங்க இன்னொரு பக்கம். ஊருக்கு எங்கப்பா அம்மா வந்திருந்தப்போ இங்க கூட்டிட்டுப் போனேன். அப்பா கோயமுத்தூர்ல ஒரு காம்போசிட் மில்லுல தறி செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவர், ஸ்டாக்ஹோம் அரண்மனையில பத்து நிமிஷத்துல பெஞ்ச் தேடி உக்காந்தவர் இங்க உக்காரவே இல்ல. போர்டு ஸ்வீடிஷ்ல இருக்கேன்னு நான் போனை எடுத்து ட்ரான்ஸ்லேட் பண்ணிட்டிருக்கேன், அவர் கைய பின்னாடி கட்டிக்கிட்டு தறிய சுத்தி வந்து, "இது பாவு உருளை, இது விழுது, இந்தா இதான் அச்சு, நாடா இந்த வழியா ஓடும், இந்தப் பக்கம் அடி வாங்கி அந்தப் பக்கம் போகும்"னு சொல்லிட்டே போறார். "மெஷினு ஓடுனா பேச்சு கேக்காது சாமி, வாய் அசையறதப் பாத்துத்தான் புரிஞ்சுக்கோணும், வூட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் சத்தமாத்தான் பேசுவேன், உங்கம்மா திட்டுவா"ன்னார். அம்மா ஆமான்னு தலையாட்டினாங்க. அங்க வேலை பாக்கற வயசான ஒருத்தர் நாங்க ரொம்ப நேரம் நிக்கறத பாத்துட்டு வந்தார், நான் இங்கிலீஷ்ல சொன்னேன், அவர் உடனே அப்பா கைய புடிச்சு குலுக்கிட்டு தறிக்கு பின்பக்கம் ஒரு நூல் அறுந்தா மெஷின் தானா நிக்கறதுக்கு வெச்சிருக்கற தகடுங்கள காட்டினார், ரெண்டு பேருக்கும் பொது பாஷை கிடையாது, ஆனா கை காட்டிக் காட்டியே நல்லா பேசிக்கிட்டாங்க. சில நாள்ல மெஷின ஓட்டிக் காட்டுவாங்க, வாசல்ல கேட்டுக்கிட்டு உள்ள போங்க, ஓடற நாளா இருந்தா மத்த இடத்த விட்டுட்டாவது இத பாருங்க.

குறைன்னு சொன்னா பாஷைதான். ரெண்டு மியூசியத்துலயும் நல்ல விஷயம் நிறைய ஸ்வீடிஷ்ல மட்டும் எழுதிருக்கு, இங்கிலீஷ்ல சுருக்கமா போட்டிருக்காங்க இல்லன்னா போடவே இல்ல. போன் கேமராவுல மொழிபெயர்ப்பு ஆப் வெச்சுக்கிட்டுப் போங்க, பேட்டரி சார்ஜ் இருக்கட்டும். இன்னொண்ணு, ஸ்வீடன்ல பல மியூசியம் திங்கக்கிழமை மூடியிருக்கும், நேரமும் சீசனுக்கு சீசன் மாறும், கிளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க.

மூணாவது விசுவலைசேஷன் சென்டர், 2010ல திறந்தது, யூனிவர்சிட்டியோட ஆராய்ச்சிக்காரங்களும் சேந்து நடத்தறது. இதுக்கு டிக்கெட் உண்டு. பெரிய குவிமாடத் திரை, தலைக்கு மேல சுத்தி முழுக்க படம், கண்ணாடி மாட்டிக்கிட்டு சாஞ்சு உக்காந்து பாக்கறது, விண்வெளி படம்னா நிஜமாவே மிதக்கற மாதிரி இருக்கும். இங்க இருக்கற ஆராய்ச்சிக்காரங்க பண்ணின வேலை சும்மா இல்லங்க, ஸ்கேன் எடுத்த உடம்ப பெரிய டச் ஸ்க்ரீன் மேஜையில போட்டு தோல், தசை, எலும்புன்னு விரலால உரிச்சுப் பாக்கற டெக்னிக் இந்த ஊர்ல இருந்து போய்த்தான் லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல 2012ல ஒரு எகிப்து மம்மிய மக்கள் உரிச்சுப் பாத்தாங்க. பத்து வயசுக்கு மேல புள்ளைங்க இருந்தா கண்டிப்பா போங்க. சின்னக் குழந்தைன்னா குவிமாடத்துல இருட்டுக்கும் சத்தத்துக்கும் அழும், யோசிச்சுக்கோங்க. எந்த ஷோ இங்கிலீஷ்ல புரியும்னு டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுடுங்க, இல்லன்னா படம் மட்டும்தான் பாக்க முடியும்.

கச்சேரி அரங்கம் ஒண்ணு இருக்கு, டி யேர் பேர்லயே, 1994ல பழைய பேப்பர் மில்லுக்குள்ள கட்டினது, 1912ல இருந்து இருக்கற நோர்ஷோப்பிங் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அங்கதான் வாசிக்குது. நிகழ்ச்சி இருக்கற நாள்தான் உள்ள முழுசா பாக்க முடியும். பேப்பர் மெஷின் ஓடின இடத்துல நூறு வயலின் கேக்கறதுக்கு ஒரு தனி ருசி இருக்கு, வெஸ்டர்ன் கிளாசிக்கல் கேக்கறவங்க அன்னிக்கு ஒரு டிக்கெட் பாருங்க.

ஸ்டேஷனுக்கு எதிர்லயே கார்ல் யோஹான் பார்க். இது ஒரு விசித்திரமான இடம். வெயில் காலத்துல இங்க கள்ளிச்செடி நடுவாங்க, ஏதோ பத்து இருபது இல்ல, சுமார் 25,000 செடி, வருஷத்துக்கு ஒரு தீம் வெச்சு கோலம் போட்ட மாதிரி ஒவ்வொரு செடியா வெச்சு படம் வரைவாங்க, 1926ல இருந்து நடக்குது. ஸ்வீடன்ல கள்ளிச்செடியான்னு தோணும், பனி விழறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து கண்ணாடி வீட்டுக்குள்ள வெச்சுடுவாங்க. எங்கம்மாவுக்கு மில்லு மியூசியத்த விட இதுதான் புடிச்சுது, ரயில் வர்ற வரைக்கும் செடி செடியா பாத்துட்டு, இத்தனை தொட்டிக்கும் தண்ணி ஊத்தறது யாருன்னு கேட்டுட்டே இருந்தாங்க. ஜூன் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் வந்தா நிச்சயம் பாக்கலாம், குளிர்காலத்துல வெறும் பார்க் தான்.

ட்ராம் பத்தியும் சொல்லணும். மஞ்சள் கலர், 1904ல இருந்து ஓடுது. 1967 செப்டம்பர்ல ஸ்வீடன் மொத்தமும் ரோட்டுல இடதுபக்கம் ஓட்டறதுல இருந்து வலதுபக்கத்துக்கு மாறுச்சு, அந்த சமயத்துல பல ஊர்ல ட்ராமை தூக்கிட்டாங்க, பஸ் போதும்னு. இந்த ஊர் தூக்கல. ரெண்டே லைன் தான், 2, 3. எங்கயும் போற வேலை இல்லன்னா கூட ஒரு ரவுண்டு ஏறிப் போய்ட்டு வாங்க, மரம் வரிசையா நிக்கற ப்ரொமனாடு ரோடெல்லாம் உக்காந்தபடியே பாத்துடலாம். உள்ள காசு வாங்க மாட்டாங்க, இந்தப் பக்கம் பஸ், ட்ராம் நடத்தற ஓஸ்த்யோத்தாட்ரஃபீக்கனோட ஆப் போட்டு கார்டுல டிக்கெட் எடுங்க, அதே டிக்கெட் பஸ்ஸுக்கும் செல்லும்.

ஹிம்மெல்ஸ்தாலுண்ட், இது பலபேர் விடற இடம், நீங்க விடாதீங்க. ஊருக்கு மேற்கால ஆத்தோரமா ஒரு பார்க், அதுல பாறை மேல வெண்கலக் காலத்துல, அதாவது சுமார் 3,000 வருஷத்துக்கு முன்னாடி செதுக்கின உருவங்க, ஆயிரத்தி அறநூறுக்கு மேல இருக்கு. கப்பல், வாள், மிருகம், மனுஷங்க. கண்ணுக்குத் தெரியறதுக்காக கொஞ்சத்துக்கு சிவப்பு பெயின்ட் போட்டிருக்காங்க, பெயின்ட் போடாததுதான் உண்மையில அழகு, சாயங்காலம் சூரியன் சாஞ்சு அடிக்கும்போது நிழல் விழுந்து பாறையில இருந்து எழும்பி வர்ற மாதிரி தெரியும், மத்தியான வெயில்ல போனா வெறும் பாறையத்தான் பாப்பீங்க. மழை பெஞ்ச பாறை வழுக்கும், உருவத்து மேல கால் வெக்காதீங்க. டிக்கெட் இல்ல, கேட் இல்ல, பக்கத்துலயே புல்வெளி, வீட்டுல இருந்து புளிசாதம் கட்டிட்டு வந்து உக்காந்து சாப்பிடறதுக்கு இத விட நல்ல இடம் இந்த ஊர்ல இல்ல.

சாப்பாடு. க்னெப்பிங்ஸ்போரின்னு மில்லுப் பகுதிய ஒட்டியே பழைய கட்டடங்கள சீர் பண்ணி கடைங்களா மாத்தின ஒரு குட்டிப் பகுதி இருக்கு, உள்முற்றம், காபிக் கடை, பேக்கரி, சீஸ் கடைன்னு சுத்தறதுக்கு நல்லா இருக்கும். வேலை நாள்ல மத்தியானம் போனா எல்லா ஹோட்டல்லயும் டாகென்ஸ் லுன்ச், அதாவது அன்னிக்கு லன்ச்னு போர்டு இருக்கும், ஒரே விலையில சாப்பாடு, சாலட், ரொட்டி, காபி எல்லாம் அடக்கம், வெஜ்ஜும் ஒண்ணு இருக்கும், அதே கடையில சாயங்காலம் உக்காந்தா பில்லு டபுளுக்கு மேல வரும். சனி ஞாயிறுல இந்த லன்ச் நிறைய கடையில இல்ல. ஆத்தோரமா வெளிய டேபிள் போட்ட ஒரு கடையில, பேர் வேண்டாம், வெஜ்னு ரெண்டு தடவை கேட்டு வாங்கின சூப்புக்குள்ள பன்றி இறைச்சித் துண்டு இருந்துச்சு, திருப்பிக் குடுத்தப்போ பொறுக்கி எடுத்துட்டு சாப்பிடலாமேன்னு சொன்னாங்க, அம்மா அன்னிக்கு பட்டினி. அதனால வெஜ்காரங்க ‘வெகான்’னு கேளுங்க, அந்த வார்த்தைக்கு இங்க மரியாதை இருக்கு, முட்டை பாலும் வராது, குழப்பமும் வராது.

மத்தியானம் மூணு மணிக்கு காபியும் ஏலக்காய் பன்னும், கார்டெமும்மபுல்லே, சாப்பிடாம கிளம்பாதீங்க, ஏலக்காய் வாசனை நம்ம ஊர் இனிப்ப விட தூக்கலா இருக்கும்.

இனி கோல்மோர்டன். ஊருக்கு வடகிழக்கால 25 கிலோமீட்டர் சொச்சம், 1965ல திறந்தது, வடக்கு ஐரோப்பாவுல பெரிய மிருகக்காட்சி சாலைங்கள்ல ஒண்ணு, தொங்கும் கேபிள் கார்ல உக்காந்து கீழ சிங்கம், கரடி, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பாத்துட்டே போகலாம், ரைடுங்களும் இருக்கு. நல்ல இடம்தான், புள்ளைங்களுக்கு திருவிழா, ஆனா டிக்கெட் விலை அதிகம், ஒரு முழு நாள் வேணும், வெயில் காலத்தையும் சில விசேஷ வாரங்களையும் தவிர மூடியிருக்கும். ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சுக்கிட்டு ஓடற குடும்பங்கள பாத்திருக்கேன், ஜூவுல அரைகுறை, ஊர்ல ஒண்ணுமே இல்லன்னு முடிஞ்சுடும். தனித்தனி நாளா வெச்சுக்கோங்க.

கார் வெச்சிருக்கறவங்க தெக்கால பத்து கிலோமீட்டர்ல லோஃப்ஸ்டாட் மாளிகைக்குப் போகலாம். கடைசி சொந்தக்காரர் எமிலி பீபெர்ங்கற அம்மா 1926ல இறந்தாங்க, வீட்ட அப்படியே மியூசியமா எழுதி வெச்சுட்டாங்க, சமையல்கட்டு பாத்திரத்துல இருந்து படுக்கை வரைக்கும் ஆள் இப்பதான் எழுந்து போன மாதிரி இருக்கு. பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்துக்கு நெருக்கமா இருந்த ஆக்ஸெல் வான் ஃபெர்சென் குடும்பத்தோட சொத்தா இருந்த இடம் இது. உள்ள போக கைடு டூர் நேரம் பாக்கணும். எனக்கு மில்லுங்கதான் பெருசா தெரிஞ்சுது, அரண்மனை ஆசை இருக்கறவங்களுக்கு இது புடிக்கும்.

நகரத்துக்குள்ள இன்னும் ஒரு சின்ன இடம், ஃபேரியார்கோர்டன், சாயக்காரங்க இருந்த பழைய வீடு, மரக் கட்டடம், துணிக்கு சாயம் எடுக்கற செடிங்கள தோட்டமா வளக்கறாங்க, வெயில் காலத்துல காபிக் கடையும் உண்டு. மில்லுல துணி பாத்துட்டு கலர் எங்க இருந்து வந்துச்சுன்னு இங்க வந்து பாத்தா கதை முழுசாகும். நம்மாளுங்கள்ல திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் சாயப்பட்டறை தெரிஞ்சவங்க நிறைய பேர் இருப்பீங்க, உங்களுக்கு அந்தத் தோட்டத்துல நேரம் போறதே தெரியாது.

எவ்ளோ நேரம் வேணும்னு கேட்டா, மில்லுப் பகுதி நடை, ரெண்டு இலவச மியூசியம், லன்ச், ட்ராம் ஒரு ரவுண்டு, இது ஒரு நாளுக்கு சரியா இருக்கும், காலைல பத்து மணிக்கு இறங்கிடுங்க. பாறைச் செதுக்கலையும் குவிமாட ஷோவையும் சேக்கணும்னா ஒரு ராத்திரி தங்குங்க, ஜூன் ஜூலைல பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், சாயங்காலத்த பாறைக்கு வெச்சுக்கலாம். ஜூலைல ஊரே லீவுல போயிடும், சின்னக் கடைங்க சிலது மூடியிருக்கும், மியூசியம் திறந்துதான் இருக்கும். எனக்கு புடிச்ச மாசம் மே, தண்ணியும் நிறைய, கூட்டமும் இல்ல, கேம்பஸ் பசங்க படிக்கட்டுல உக்காந்து வெயில் காய்வாங்க, கள்ளிச்செடி மட்டும் இன்னும் நட்டிருக்க மாட்டாங்க. ஸ்டேஷன சுத்தி புது ரயில் பாதைக்கான வேலை நடக்கறதால வழி மாத்தி மாத்தி விடறாங்க, போர்ட பாத்து நடங்க. ரயில் டிக்கெட்ட சில வாரம் முன்னாடியே போட்டா நல்ல விலைக்கு கிடைக்கும், கடைசி நேரத்துல எடுத்தா ஸ்டாக்ஹோம் போக வர ஆகற காசுல இங்க ஒரு ராத்திரி ரூமே போட்டுடலாம்.